ஹார்டிங் ஐயரின் இராஜிநாமா

ஆங்கில நாட்டுப் பேராலயங்களைப்பற்றி நம்மவர் எழுதப் புகும்போது பெரும்பாலும் கட்டடங்களைப்பற்றியே எழுதுகின்றனர். சாலிஸ்பரிக் கோபுரம் 404 அடி உயரமுடையது என்பதும், ஈலி பேராலயத்தின் நடுவே எண்கோண வடிவில் ஓர் ஒளிமாடம் உண்டு என்பதும் பலரும் எடுத்துச் சொல்லும் செய்திகள். ஆனால் அக்கோபுரங்களின் நிழலில் குடியிருந்து, அவற்றின் மானியத்தில் உண்டு உடுத்து, நாள்தோறும் காலை மாலை ஆராதனைகளை நடத்தி, உயர்வுக்குக் காத்திருந்து, ஈற்றில் அங்கேயே அடக்கம்பண்ணப்பட்ட குருமாரைப்பற்றி நாம் அறிந்தது மிகக் குறைவு. அவர்களைப்பற்றி எழுதியவருள் இன்றளவும் அதிகமாக வாசிக்கப்படுபவர் ஒரு குருவானவரல்லர். சபைச் சரித்திர ஆசிரியருமல்லர். அவர் தபால் இலாகா அதிகாரி ஒருவர். ஆண்டனி ட்ராலப் (1815–1882) என்பது அவர் பெயர். 1855இல் வெளிவந்த ‘தி வார்டன்’, 1857இல் வந்த ‘பார்செஸ்டர் டவர்ஸ்’, 1867இல் வந்த ‘பார்செட்டின் கடைசி வரலாறு’ ஆகிய நாவல்களை, மழைநாளில் படித்துச் சிரித்துவிட்டு மூடிவைக்கத்தக்க இனிய கதைகள் என்றே பலர் மதிப்பிட்டுள்ளனர். நாம் அங்ஙனம் கருதவில்லை. நகைச்சுவையின் உள்ளே ஒரு கடினமான கேள்வி அமர்ந்திருக்கிறது. அதனை ட்ராலப் எந்த அளவு நேர்மையுடன் எதிர்கொண்டார், எவ்விடத்தில் நழுவினார் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ட்ராலப் தமது சுயசரிதத்தில் ஒன்றை வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். இலண்டன் நீங்கலாகப் பேராலய நகரம் எதிலும் தாம் குடியிருந்ததில்லை. அந்த நாவலை எழுதும்வரை ஓர் ஆர்ச்டீக்கனுடன் பேசியதுகூட இல்லை என்கிறார். தென்மேற்கு இங்கிலாந்தின் கிராமங்களில் தபால் விநியோகத்தை ஒழுங்குசெய்யும் பொருட்டு ஊர் ஊராய்ச் சுற்றிய நாட்களில், ஒரு கோடைக்கால மாலைப்பொழுதில் சாலிஸ்பரிப் பேராலயத்தைச் சுற்றி உலாவியபோதுதான் வார்டன் கதை தோன்றியதாம். ஆயினும் பள்ளிச் சிறுவனாய் வின்செஸ்டரில் சில ஆண்டுகள் தங்கியதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அவ்வூரின் எல்லையில்தான் ‘செயின்ட் கிராஸ்’ என்னும் பழைய தர்மவிடுதி இருக்கிறது. அதன் தலைமைப் பதவியை ஒரு பேராயர் 1808இல் தம் சொந்த மகனுக்கே கொடுத்தார். பின்னர் கில்ஃபோர்டு பிரபுவாகவும் ஆன அந்தக் குருவானவர் நெடுங்காலம் அதன் வருமானத்தை அனுபவித்துவந்தார். வழக்கு நீதிமன்றம் ஏறி, 1853இல் அவருக்கு எதிராய்த் தீர்ப்பாயிற்று. அதே காலத்தில் ராச்செஸ்டர் பேராலயப் பள்ளியின் தலைமையாசிரியர் ராபர்ட் விஸ்டன் என்பவர் 1849இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். பேராலயத்தின் நிலவருமானம் பன்மடங்கு பெருகியபோது டீனும் கேனன்களும் தங்கள் பங்கை உயர்த்திக்கொண்டு, ஏழை மாணாக்கரின் உதவித்தொகையை மட்டும் எட்டாம் ஹென்றி அரசன் காலத்து அளவிலேயே நிறுத்திவைத்தனர் என்பது அவர் குற்றச்சாட்டு. நிர்வாகம் அவரைப் பணிநீக்கம் செய்தது; அவர் விடாது வழக்காடித் திரும்பவும் பதவியில் அமர்ந்தார். இவ்விரு விவகாரங்களின் பெயர்களும் வார்டன் நாவலிலேயே வருகின்றன. எனவே அந்தக் கதை வெறுங்கற்பனை அன்று.

பேராலயத்தின் அமைப்பைச் சற்றே விளக்குவது நலம்; நம் மாணவர்க்கு இது எப்பொழுதும் குழப்பம் தருவது. பேராலயம் பேராயரின் ஆசனம் உள்ள ஆலயமேயாயினும், அதனை ஆள்பவர் பேராயரல்லர். டீன் என்பவரும் கேனன்களும் சேர்ந்த ‘சாப்டர்’ என்னும் குழுவே ஆள்கிறது. சாலிஸ்பரி, லிங்கன், வெல்ஸ் போன்ற பழைய அமைப்புகளில் டீன், பாடலுக்குப் பொறுப்பான பிரிசென்டர், கல்விக்குப் பொறுப்பான சான்சலர், பொருள்களைக் காக்கும் டிரெஷரர் என நால்வர் முதன்மையானவர். கான்டர்பரி, வின்செஸ்டர் போன்றவற்றில் முன்பு துறவியர் மடங்கள் இருந்தன. அவை கலைக்கப்பட்டபின் 1540ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹென்றி அரசன் அவ்விடங்களில் டீனையும் கேனன்களையும் நியமித்தான். இவர்களுக்குக் கீழே சிறு கேனன்கள், பாடகர், பாடற்சிறுவர், வாயிற்காவலர் எனப் பலர். நாள்தோறும் பாட்டுப் பாடி ஆராதனையைச் சுமந்தவர்கள் இந்தக் கீழ்நிலையினரே. மேலிருப்போர் பலர் ஆண்டில் சில மாதங்களே தங்கினர். ‘பிரெபெண்டு’ என்ற மானியத்தைப் பெற்றுக்கொண்டு பேராலயத்தை எட்டிப்பாராதவரும் உண்டு. ஆனாலும் ஒரே தராசில் எல்லாரையும் நிறுத்தலாகாது. திருச்சிராப்பள்ளியில் 1826 ஏப்ரல் 3ஆம் நாள் மரித்துப் புனித யோவான் ஆலயத்தில் அடக்கம்பண்ணப்பட்ட பேராயர் ரெஜினால்டு ஹீபர், கல்கத்தாவுக்கு வருமுன் வேல்ஸ் நாட்டுச் செயின்ட் அசாஃப் பேராலயத்தில் பிரெபெண்டரியாய் இருந்தவர். அவருடைய மாமனார் அங்கே டீன். உறவின் வழியே மானியம் வந்த வாழ்வுதான். அந்த வாழ்வை விட்டு அவர் எங்கே வந்து மரித்தார் என்பது நம்மூரார் அறிந்தது.

சீர்திருத்தம் 1830களில் வந்தது. 1835இல் அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவின் தொடர்ச்சியாக 1836இல் ‘திருச்சபை ஆணையர்’ என்னும் நிலையான அமைப்பு ஏற்பட்டது. 1840ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான பேராலயங்களில் தங்கிப் பணிசெய்யும் கேனன்களின் எண்ணிக்கையை நான்காகக் குறைத்து, தங்காதவர்களின் மானியங்களைப் பொதுநிதியில் சேர்த்து, தொழில் நகரங்களின் ஏழைச் சேகரங்களுக்குத் திருப்பிவிட்டது. இதனை எதிர்த்து எழுதியவருள் கூர்மதியுடையவர், 1831 முதல் இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் கேனனாயிருந்த சிட்னி ஸ்மித். பெரிய பரிசுகள் சில இருந்தால்தான் வசதியுள்ள குடும்பத்தார் பிள்ளைகளைக் குருத்துவத்துக்கு அனுப்புவர். வருமானத்தைச் சமமாய்ப் பங்கிட்டால் திருச்சபைக்கு வறியரும் கல்லாதாருமே மிஞ்சுவர் என்று அவர் வாதாடினார். லாட்டரிச் சீட்டைக் காட்டிக் குருத்துவத்துக்கு ஆள்சேர்ப்பது போன்ற இந்த வாதத்தை ஒருவர் நகைப்புக்கிடமின்றி, தம் நற்பெயரை அடகுவைத்து எழுதினார் என்பதே அக்காலத்தின் மனநிலையை நமக்குக் காட்டுகிறது. ட்ராலப்பின் குருமார் இந்தப் பழைய வாழ்வுக்கும் புதிய சட்டத்துக்கும் நடுவே அகப்பட்டவர்கள்.

இனி வார்டன் கதைக்கு வருவோம். (வார்டன் என்றதும் நமக்கு மாணவர் விடுதியின் நினைவு வரும், இங்கே அது முதியோர் தர்மவிடுதியின் தலைவரைக் குறிக்கும்.) ஜான் ஹைரம் என்ற கம்பளி வியாபாரி 1434இல் எழுதிவைத்த உயிலின்படி, உழைத்து ஓய்ந்த கம்பளித் தொழிலாளர் பன்னிருவருக்கு உணவும் உறையுளும் அளிக்கவேண்டும். அவர் விட்ட வயல்கள்மேல் பின்னர் வீடுகளும் தெருக்களும் எழுந்தன, வருமானம் பெருகிற்று. நாவலின் காலத்தில் முதியவர் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸ். கணக்கிட்டால் ஆண்டுக்கு 24 பவுனும் சில்லறையும். பன்னிருவருக்கும் சேர்த்து முந்நூறு பவுனுக்குச் சற்றே குறைவு. வார்டனாகிய செப்டிமஸ் ஹார்டிங் ஐயருக்கோ ஆண்டுக்கு 800 பவுனும் அழகியதொரு வீடும். அவரே பேராலயத்தின் பிரிசென்டருமாவார். நல்லவர், இசையில் ஆழ்ந்தவர், முதியவர்களைத் தம் வீட்டார்போல் நேசிப்பவர், பதவியேற்றதும் தம் பங்கிலிருந்து ஆளுக்கு இரண்டு பென்ஸ் கூட்டிக்கொடுத்தவர். ஜான் போல்டு என்ற இளம் மருத்துவர், ஹார்டிங்கின் மகளை விரும்புகிறவராய் இருந்துகொண்டே, இந்தப் பங்கீடு நியாயமா என்று கேட்டு வழக்குத் தொடுக்கிறார். ‘ஜூபிடர்’ என்னும் நாளேடு ஹார்டிங்கை ஏழைகளின் அப்பத்தைத் தின்பவராகச் சித்திரிக்கிறது. பேராயரின் மகனும் ஹார்டிங்கின் மருமகனுமான ஆர்ச்டீக்கன் கிராண்ட்லி, இது திருச்சபையின்மேல் தொடுக்கப்பட்ட யுத்தம் என்று முழங்கி, நாட்டின் தலைசிறந்த வழக்கறிஞரை அமர்த்துகிறார்.

இக்கதையின் நுட்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஆர்ச்டீக்கன் கேட்பதெல்லாம் சட்டம் எவர் பக்கம் என்பதே. போல்டு கேட்பது, ஏழைகளுக்குச் சேரவேண்டியது எவ்வளவு என்பது. நாளேடு எதையுமே கேட்பதில்லை, அது தீர்ப்பளிக்கிறது. ஹார்டிங் மட்டுமே, ‘நான் வாங்குவது எனக்கு உரியதா?’ என்று கேட்கிறார். அதுவரை அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியதே இல்லை என்பதில்தான் பொருள் இருக்கிறது. தீயவன் ஒருவனின் மனந்திரும்புதலைக் கதையாக்குவது எளிது. தீமை எதையும் எண்ணாமல், தமக்கு முன்னிருந்தவர்கள் பெற்றதையே தாமும் பெற்று, நன்றாகவே நடந்துகொண்ட ஒரு நல்ல மனிதர், அறுபது வயதை நெருங்கும்போது தம் வாழ்வின் அடித்தளம் கோணலோ என்று ஐயுறுவதைக் கதையாக்குவது எளிதன்று.

பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 9ஆம் அதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எமக்கு ஹார்டிங்கின் நினைவு வருவதுண்டு. பலிபீடத்தைப் பணிபவர் பலிபீடத்தாலே பிழைக்க உரிமையுண்டு என்று பவுல் முதலில் உறுதியாய் நிலைநாட்டுகிறார்; பின் அந்த உரிமையைத் தாம் கையாளவில்லை என்கிறார். ஆர்ச்டீக்கன் கிராண்ட்லி அந்த அதிகாரத்தின் முற்பாதியோடு நின்றுவிடுபவர். ஆனால் ஹார்டிங்கைப் பிற்பாதியின் உருவமாக எடுத்துக்கொள்வதும் தவறு. பவுலுக்குத் தம் உரிமையைப்பற்றி ஐயமில்லை. ஹார்டிங்குக்கு ஐயமே எல்லாம். இலண்டனில் வழக்கறிஞர் அவரைச் சந்தித்து, எதிராளிகள் வழக்கைக் கைவிட்டார்கள், இனி அஞ்சவேண்டாம் என்று சொல்கிறார். தோல்வியினால் அவர் விலகவில்லை. வென்ற பின்னும் விலகுகிறார். ஐயத்தின்மேல் கட்டப்பட்ட துறவு இது. உறுதியின்மேல் கட்டப்பட்ட துறவைவிட இது தாழ்ந்தது என்று சொல்ல எமக்குத் துணிவில்லை.

ஆசிரியரின் சொந்தத் தீர்ப்பு வேறு. சுயசரிதத்தில் ட்ராலப் எழுதுவது இது: அந்நாவலில் தாம் இரு தீமைகளை ஒருசேர எதிர்க்க முயன்றதாகவும், தர்மச் சொத்து சோம்பலான குருமாரின் வருமானமாய் மாறியது ஒன்று, அவ்வருமானம் பெற்ற தனிமனிதரே பெருங்குற்றவாளிகள் என்று பத்திரிகைகள் ஈவிரக்கமின்றித் தாக்கியது மற்றொன்று எனவும், இரண்டையும் ஒரே நூலில் எடுத்தது கலைக்கு ஒவ்வாத பிழை எனவும் அவர் கருதினார். இதில் ஆசிரியரோடு நாம் உடன்படவில்லை. இரண்டையும் எடுத்ததே நூலின் வலிமை. ஒரு பக்கத்தை மட்டும் எடுத்திருந்தால் ஹார்டிங் கொழுத்த கபடராகவோ, மாசற்ற இரத்தசாட்சியாகவோ ஆகியிருப்பார். இரண்டும் பொம்மைகள். நூலின் நடுவே டிக்கன்ஸையும் கார்லைலையும் வேறு பெயர்களில் கேலிசெய்யும் ஓர் அதிகாரம் உண்டு. அதுவே கலைக்கு ஒவ்வாதது. அதை விட்டுவிட்டு வாசித்தாலும் குறையொன்றுமில்லை.

நாம் குறைகாணும் இடம் கதையின் முடிவு. ஹார்டிங் விலகியபின் பேராயர் அப்பதவியை நிரப்பவில்லை. முதியவருள் அறுவர் இறந்துபோக, அவர்கள் இடங்களும் நிரப்பப்படவில்லை. எஞ்சியோர் தங்களுக்குள் சண்டையிடுகின்றனர், தோட்டம் காடாகிறது, நூறு பவுன் வரும் என்று நம்பி மனுவில் கையொப்பமிட்டவர்கள் பழைய இரண்டு பென்ஸையும் இழக்கின்றனர். சீர்திருத்தம் கேட்டதால் வந்த கேடு என்று வாசகர் முடிவுகட்டும்படி இது எழுதப்பட்டிருக்கிறது. சற்று நிதானித்துப் பார்ப்போம். பதவியை வெறுமையாய் விட்டவர் யார்? முதியவர்களின் இடங்களை நிரப்பாதவர் யார்? போல்டுமல்லர், நாளேடுமன்று. பேராயரும் அவர் மாளிகையுமே. அவர் முதியவர், அன்பானவர், நண்பரின் பிரிவால் மனமுடைந்தவர் என்பதெல்லாம் மெய். ஆனால் அன்பான ஒரு மூப்பரின் செயலின்மையால் விளைந்ததைக் கேள்வி கேட்டவர்கள் தலையில் சுமத்தியது நியாயமன்று. நிர்வாகத்தைக் குறைகூறினால் நிறுவனமே அழிந்துவிடும் என்ற அச்சத்தை ஊட்டி ஏழைகளின் வாயை அடைப்பது எந்த நாட்டுச் சபைக்கும் புதிதன்று. ட்ராலப் அறிந்தோ அறியாமலோ அதற்குத் துணைநிற்கிறார். இரண்டு ஆண்டுக்குப்பின் எழுதிய பார்செஸ்டர் டவர்ஸில் இதை அவரே ஓரளவு திருத்திக்கொண்டார் என்பதையும் சொல்லவேண்டும். அங்கே பாராளுமன்றச் சட்டத்தால் விடுதி மீண்டும் ஒழுங்குசெய்யப்படுகிறது. வார்டனின் வருமானம் 450 பவுனாகக் குறைகிறது. அது பதினான்கு பிள்ளைகளுடைய குவிவர்ஃபுல் ஐயருக்குப் போய்ச்சேருகிறது.

அந்த இரண்டாம் நாவலின் தொடக்கம் ஆங்கில நாவல்களிலேயே துணிவுமிக்க தொடக்கங்களுள் ஒன்று. முதிய பேராயர் மரணப்படுக்கையில் கிடக்கிறார். மகனாகிய ஆர்ச்டீக்கன் அருகே அமர்ந்திருக்கிறார். அமைச்சரவை எந்நேரமும் கவிழலாம். தந்தை இன்றே இறந்தால் இப்போதைய பிரதமர் தம்மைப் பேராயராக்குவார். சில நாள் பிந்தினால் வாய்ப்பு போய்விடும். தந்தையின் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கும் மகன், தம் மனத்தில் ஓடுவது இன்னதென்று திடீரென உணர்ந்து, முழங்காற்படியிட்டு மன்னிப்புக் கேட்கிறார். தந்தை இறக்கிறார். எழுந்ததும் அவர் செய்யும் முதல் வேலை தந்தி அனுப்ப ஏற்பாடு செய்வது. அமைச்சரவையோ அதற்குள் கவிழ்ந்துவிடுகிறது. வேறொருவர் பேராயராகிறார்.

ஆசிரியர் இங்கே கிராண்ட்லிக்காக வாதாடுகிறார். வழக்கறிஞர் நீதிபதியாக விரும்புவதை எவரும் இழிவென்று சொல்வதில்லை. குருவானவர் பேராயராக விரும்புவதை மட்டும் ஏன் பாவமென்கிறோம், அவர்களும் மனிதரல்லரோ என்று கேட்கிறார். நேர்மையான கேள்வி. உயர்வை வேண்டாதவர்போல் நடித்துக்கொண்டே உயர்வைத் தேடுவதைவிட வெளிப்படையாய் விரும்புவது மேல் என்பதை எந்தத் திருமண்டலத் தேர்தலையும் கண்டவர் மறுக்கமாட்டார். ஆயினும் இந்த வாதம் ஓரிடத்தில் ஒடிகிறது. நீதிபதியின் பதவி அவர் ஆசையைக் குற்றப்படுத்துவதில்லை. மேய்ப்பனின் பதவியோ அதனைக் குற்றப்படுத்துகிறது. தன்னையே மேய்த்துக்கொள்ளும் மேய்ப்பனைப்பற்றிய எசேக்கியேலின் அதிகாரத்தைப் பிரதிஷ்டை ஆராதனையின் நிழலில் வாசிப்பவர் நாம்தாமே. கிராண்ட்லி முழங்காற்படியிட்டது அதை அவர் உள்ளூர அறிந்திருந்ததால். ட்ராலப்பின் வாதத்தைவிட அவர் எழுதிய காட்சி ஆழமானது.

மற்ற பேராலயப் பாத்திரங்களைப்பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. தொண்டைப் புண்ணுக்கென்று இத்தாலி சென்று, வண்ணத்துப்பூச்சி சேர்த்துக்கொண்டு, பன்னிரண்டு ஆண்டு திரும்பாதிருந்த டாக்டர் ஸ்டான்ஹோப், 1840க்கு முந்திய உலகத்தின் எச்சம். புதிய பேராயரின் மனைவி திருமதி பிரவுடியும், சாப்ளின் ஸ்லோப்பும் நகைப்பூட்டுகிறவர்கள். ஆனால் ஸ்லோப்பின் சுவிசேஷ வைராக்கியம் முழுவதையும் கபடமாகவே காட்டியது ட்ராலப்பின் சார்பு என்பதை நாம் மறைக்கலாகாது. அவருக்குச் சுவிசேஷப் பக்தியினர்மேல் நெடுங்கால வெறுப்பு உண்டு. அவர்களில் ஒரு நல்லவரைக்கூட அவர் பார்செஸ்டருக்குள் விடவில்லை.

ஒரு மாணவர் வகுப்பில் கேட்டார்: “ஐயா, இத்தனை குருமார் வருகிறார்களே, இவர்களில் எவராவது ஜெபிக்கிறார்களா?” இக்கேள்வியை வேறு சொற்களில் ஆங்கில விமர்சகரும் கேட்டதுண்டு. பேராலயத்தின் உயிர் அதன் அன்றாட ஆராதனை. கேனன்கள் சண்டையிட்டாலும், டீன் இல்லாவிடினும், மாலைதோறும் சங்கீதங்கள் பாடப்பட்டன. ட்ராலப் அதனுள் அதிகம் நுழைவதில்லை. நுழையுமிடம் ஒன்று வார்டனில் உண்டு. அதுவே எமக்கு நூலின் உச்சம். வழக்கறிஞரைக் காண இலண்டன் வந்த ஹார்டிங், மருமகனின் கண்ணில் படாதிருக்க நாள் முழுவதும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குள் ஒளிந்துகொள்கிறார். காட்சி பார்க்க வந்தவர்போலக் காசு கொடுத்து உள்ளே போகிறார். காலை ஆராதனை தொடங்குகிறது. சிறு கேனன் ஒருவர் தாமதமாக, கசங்கிய அங்கியுடன் விரைந்து வருகிறார். பின்னே பாடற்சிறுவர், அவர்களும் ஒழுங்கின்றி. வாழ்வே கவிழும் நிலையிலிருக்கும் மனிதரின் கண், இவ்வளவு பெரிய ஆலயத்தில் இப்படியா, பார்செஸ்டரில் நாம் இதைவிட நன்றாய்ச் செய்கிறோமே என்று அளக்கிறது. இருபது முப்பது ஆண்டு ஓர் ஆராதனையைப் பொறுப்பேற்று நடத்தியவரன்றி வேறெவரும் அங்ஙனம் பார்க்கமாட்டார். ஜெபத்தைப்பற்றி ட்ராலப் எழுதவில்லை. ஆராதனையைத் தொழிலாகவும் பக்தியாகவும் ஒன்றாய்க் கொண்ட ஒருவரின் கண்ணை எழுதினார். மாணவருக்கு யாம் காட்டிய விடை அந்தப் பக்கங்களே. அவர் முழுவதும் திருப்தியடைந்ததாகத் தெரியவில்லை.

அவர் திருப்தியடையாததும் சரியே. ட்ராலப் 1866இல் வெளியிட்ட, ஆங்கிலத் திருச்சபைக் குருமாரைப்பற்றிய கட்டுரைத் தொகுதியில் டீன் என்பவரைப்பற்றியும் ஒரு கட்டுரை உண்டு. செய்வதற்கு அதிக வேலையில்லாத கௌரவப் பதவி என்ற தொனியே அதில் மிகுதி. அந்நூலை ஒரு பெரிய டீன் கடுமையாய்க் கண்டித்தார் என்று சுயசரிதம் கூறுகிறது. ஆனால் அடுத்த பத்தாண்டிலேயே டீன் பதவி என்னவாகக்கூடும் என்பதை இலண்டன் கண்டது. சாமர்செட்டின் ஒரு சிற்றூர்ச் சேகரத்தில் பல ஆண்டு பணிசெய்த ஆர்.டபிள்யூ. சர்ச் என்னும் அறிஞர், பிரதமர் கிளாட்ஸ்டனின் வற்புறுத்தலால் மனமின்றி 1871இல் புனித பவுல் பேராலயத்தின் டீனானார். 1890இல் மரிக்கும்வரை அங்கே இருந்தார். கேனன் லிடன் அங்கே பிரசங்கித்தார். ஜான் ஸ்டெய்னர் 1872 முதல் இசையைச் சீர்செய்தார். தூசி படிந்த மண்டபமாய்க் கிடந்த பேராலயம் ஆராதனை வீடாயிற்று. அந்தத் தலைமுறையை ட்ராலப் கண்டும் எழுதவில்லை. அவருடைய பார்செஸ்டர் அதற்கு முந்திய உலகத்திலேயே நின்றுவிட்டது.

எனினும் அவர் தம்மைத்தாமே திருத்திய நூல் ஒன்றுண்டு. 1867இல் வந்த கடைசி வரலாற்றில், ஆண்டுக்கு 130 பவுன் வருமானத்தில் ஹாகிள்ஸ்டாக் என்ற செங்கற்சூளைச் சேகரத்தில் குடும்பத்தோடு வாடும் ஜோசையா கிராலி வருகிறார். எபிரெயுவும் கிரேக்கும் கற்ற மேதை, கர்வி, 20 பவுன் காசோலையைத் திருடினார் என்ற குற்றச்சாட்டுக்கு ஆளாகிறவர். அவருடைய கல்லூரித் தோழரே இப்போது பார்செஸ்டர் டீனாகிய அராபின். கிழிந்த கம்பளத்தின்மேல் நின்று பேராலயக் கோபுரத்தைப் பார்க்கும் கண் இங்கேதான் ட்ராலப்புக்குக் கிடைக்கிறது. டீனின் உதவி கிராலியைக் காயப்படுத்துகிறது. பெறுபவனின் மானத்தைக் காக்கத் தெரியாத தயவு அது. முன்னைய நாவல்களில் 800 பவுன் யாருக்கு என்று வாதாடினோம். இந்நாவலில் அந்த வாதமே நாணத்தக்கதாய்த் தோன்றுகிறது. இதே நூலில்தான் ஹார்டிங்கும் மரிக்கிறார். விரல்கள் தளர்ந்து, செல்லோ வாத்தியத்தை வாசிக்க முடியாமல், அதன் ஒரு நரம்பை மட்டும் மெல்ல மீட்டிவிட்டு மூடிவைக்கும் காட்சியை நெஞ்சுருகாமல் வாசிக்கவியலாது. வாழ்நாளெல்லாம் அவரை அதட்டிய ஆர்ச்டீக்கன், அவர் ஒருநாளும் தவறியதில்லை என்று இப்போது ஒப்புக்கொள்கிறார்.

பார்செஸ்டருக்குப்பின் பேராலய வாழ்வை எழுதியவர் பலர். ஹியூ வால்போல் 1922இல் எழுதிய ‘தி கத்தீட்ரல்’, ஆர்ச்டீக்கன் பிராண்டனின் வீழ்ச்சியை அச்சமூட்டும்படி சொல்கிறது. ஆனால் அங்கே பகைதான் உண்டு, ட்ராலப்பின் இரக்கம் இல்லை. இன்றைய பேராலயம் வேறு. டீனுக்கும் இரு கேனன்களுக்கும் ஆணையர் ஊதியம் தருகின்றனர். 1999ஆம் ஆண்டிலும் 2021ஆம் ஆண்டிலும் வந்த சட்டங்கள் நிர்வாகத்தையும் கணக்கையும் வெளிப்பார்வைக்குத் திறந்துவிட்டன. 2000ஆம் ஆண்டில் லெஸ்டர் பேராலயத்தின் தலைமையில் ஒரு பெண் குருவானவர் அமர்ந்தார். பிரெபெண்டுகள் பெயரளவில் நிற்கின்றன. ஆனால் ஹார்டிங்கின் கேள்வி மறையவில்லை.

2011 அக்டோபர் 15ஆம் நாள், பணமுதலைகளின் ஆதிக்கத்தை எதிர்த்தோர் இலண்டன் புனித பவுல் பேராலயத்தின் வாசலில் கூடாரமடித்தனர். பேராலயம் சில நாள் மூடப்பட்டது. கூடாரங்களை அகற்ற வழக்காடுவதா என்பதில் சாப்டர் பிளவுபட்டது. திருச்சபையின் பெயரால் பலவந்தம் நிகழ்வதற்கு உடன்பட முடியாது என்று கேனன் சான்சலர் கைல்ஸ் ஃப்ரேசர் அக்டோபர் 27இல் பதவி விலகினார். நான்கு நாளில் டீன் கிரேம் நோல்ஸும் விலகினார். நவம்பர் முதல் நாள் சாப்டர் வழக்கு முயற்சியை நிறுத்திவைத்தது. ஹார்டிங்கின் விலகல் விடுதியில் எதையும் மாற்றவில்லை. இந்த விலகல் பேராலயத்தின் நிலையை மாற்றிற்று. ஆயினும் நகர நிர்வாகம் தானே நீதிமன்றம் சென்று 2012 பெப்ரவரி 28இல் கூடாரங்களை அகற்றிவிட்டது. கூடாரத்திலிருந்தவர்களுக்கு இரு விலகல்களாலும் கிடைத்தது நான்கு மாதம். ஹைரம் விடுதியின் முதியவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

பேராலய வளாகத்து வீடு பதவியோடு வருவது, பதவியோடே போவது. மனச்சாட்சியின்பேரில் விலகும் கேனன், கையொப்பமிடும் அன்றே தம் குடும்பத்துக்கு வேறு கூரை தேடவேண்டும். இந்த உலகியல் செய்தியை ட்ராலப் மறக்கவில்லை என்பதை அவருக்கு நாம் வரவு வைக்கவேண்டும். ஹார்டிங்குக்குக் கிடைத்த சேகரம் ஆண்டுக்கு 75 பவுன் தரும் மிகச் சிறியது. மரச்சாமான்கள் முன்னமே போய்விட்டன. ஒரு காலைப்பொழுதில் அவர் மகளின் கையைப் பற்றிக்கொண்டு விடுதியின் வாயிலைக் கடந்து, கடைத்தெருவில் மருந்துக்கடை ஒன்றின் மாடியில் அமர்த்தியிருந்த அறைக்குப் போய், அமைதியாகக் காலையுணவுக்கு அமர்ந்தார்.